விருதெல்லாம் சரி, படம் எந்தக் காட்சி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சுயாதீனத் திரைப்பட இயக்குநர்களோடு நடத்தும் உரையாடல்களை விடாமல் படித்து வருகிறேன். பெரிய நடிகர் வாயைத் திறந்தாலே நடுப்பக்கத்தைக் கொடுத்துவிடும் காலத்தில், அதிகம் பேர் கேள்விப்படாத ஒருவரை உட்காரவைத்து ஒரு முழுப் பக்கம் பேசவிடுவது லேசான காரியம் இல்லை. அதற்கு நன்றி. ஆனால் படித்து முடிக்கும்போதெல்லாம், கேட்க வேண்டியதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார்களே என்று தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மேலூரில் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் செனான் விளக்கு வந்தது. அதற்கும் அப்புறம் பிலிம் பெட்டியே வராமல் சாட்டிலைட்டில் படம் இறங்கும் காலம் வந்தது. அதுவரைக்கும் அந்தச் சின்ன ரூமுக்குள்ளேதான் இருந்தேன். படம் எடுக்கிறவர்களைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. எடுத்த படம் ஜனங்கள் கண்ணில் வந்து விழுகிற கடைசி இடம் தெரியும். உங்கள் பேட்டிகள் அந்த இடம் வரைக்கும் வருவதே இல்லை.

கேள்விகளைப் பாருங்கள். சினிமாவுக்கு எப்படி வந்தீர்கள், தயாரிப்பாளர் எப்படிக் கிடைத்தார், எந்தெந்த நாட்டு விழாவுக்குப் படம் போனது. கடைசியில், ‘அடுத்து பெரிய ஹீரோவை வைத்து எடுப்பீர்களா?’ கேட்கிறவருக்கு அது எப்படித் தொனிக்கிறது என்று தெரிவதில்லை போலிருக்கிறது. இதுவரை செய்ததெல்லாம் ஒத்திகை, இனிமேல்தான் நிஜம் என்றல்லவா ஆகிறது? பாவம், அவரும் ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லி வைக்கிறார்.

எங்கள் பக்கத்து உதாரணத்தையே சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜ் மேலூர்ப் பகுதிக்காரர். அவருடைய முதல் படமான கூழாங்கல், 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது. அந்த வாரம் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் அவர் முகம். படிப்பைப் பாதியில் விட்டது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனது, சென்னையில் டிவிடி கடையில் இருந்துகொண்டு உலகப் படங்கள் பார்த்தது என்று எல்லாம் எழுதினார்கள். அந்த வருஷம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அந்தப் படத்தைத்தான் அனுப்பினார்கள். அப்போதும் பேட்டிகள். இங்கே டீக்கடையில் என்னைப் பார்த்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “படம் எங்கண்ணே ஓடுது?” தியேட்டர்காரன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். பேட்டி கண்டவர்களே கேட்டு எழுதாதது எனக்கு எப்படித் தெரியும்?

படம் 2023 அக்டோபரில்தான் வெளியே வந்தது. தியேட்டருக்கு வராமல் நேரே சோனி லிவ்வில் வந்தது. விருது வாங்கி இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆவலாகக் கேட்ட ஆட்களில் பாதிப் பேருக்குப் படம் வந்த சேதியே எட்டவில்லை. விருது வாங்கிய அன்றைக்கு மைக்கை நீட்டியவர்கள், படம் பார்க்கக் கிடைக்கிற அன்றைக்கு வேறு யாரிடமோ நீட்டிக்கொண்டிருந்தார்கள். செழியனின் டூலெட் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அறிவித்தார்கள். தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். ஒரு பேட்டியை எப்போது போடுவது என்பதும் ஆசிரியர் இலாகா செய்கிற வேலைதானே? விழா முடிந்த மறுநாள் நாலு வரிச் செய்தி போதும். முழுப் பக்க உரையாடலை, படம் கைக்கு எட்டும் வாரத்துக்கு எடுத்து வைக்கலாம்.

கூழாங்கல்லை மகள் வீட்டில் பார்த்தேன். ஒரு குடிகாரத் தகப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் வெயிலில் நடந்து வீடு திரும்புகிறார்கள், அவ்வளவுதான் கதை. தகப்பன் முன்னால் வேகமாகப் போவான், பையன் பத்தடி பின்னால் வருவான். பையன் வாயில் கூழாங்கல்லைப் போட்டு ஒதுக்கிக்கொண்டு நடக்கிறான். தாகம் தெரியாமலிருக்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செய்வதுதான். அதைப் படத்தில் பார்த்தபோது என் சம்சாரம் ‘அட’ என்றாள். படம் ஒன்றேகால் மணி நேரம். பார்த்து முடித்ததும் என் மனசுக்குள் ஓடியது தொழில்புத்திக் கேள்வி: இது தியேட்டருக்கு வந்திருந்தால் இன்டர்வெல்லை எங்கே விட்டிருப்பேன்?

சிரிக்காதீர்கள். சின்ன ஊர்த் தியேட்டரில் கேன்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும்தான் கரண்ட் பில்லைக் கட்டுகின்றன. இடைவேளை விடாமல் எந்த முதலாளியும் படம் ஓட்டச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படம் வந்தால் அதில் இடைவேளை இருக்காது. பாதி ரீல் முடிகிற இடமாகப் பார்த்து நாங்களே நிறுத்தி ஸ்லைடு போடுவோம். கொலைகாரன் கதவைத் திறக்கப் போவான், நாங்கள் முறுக்கு விற்க விளக்கைப் போட்டிருப்போம். இன்றைக்குச் சுயாதீனப் படம் எடுக்கிற பலரும் இடைவேளையை நினைத்துப் பார்க்காமல்தான் எடுக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் தியேட்டரில் அதை யாரோ ஒருவர் எங்கேயோ வெட்டத்தான் போகிறார். ‘உங்கள் படத்தில் இடைவேளை எங்கே விட்டார்கள்? உங்களைக் கேட்டார்களா? பார்த்தபோது எப்படி இருந்தது?’ என்று ஒரு பேட்டியில் கேட்டுப் பாருங்கள். பத்து விழாவின் பெயரை வரிசையாகச் சொல்வதைவிட அந்தப் பதிலில் அதிக விஷயம் இருக்கும்.

அடுத்தது சத்தம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

டூலெட்டில் பின்னணி இசை கிடையாது. ஐடி கம்பெனிகள் பெருகி வாடகை ஏறிய காலத்தில், சென்னையில் வீடு தேடி அலையும் ஒரு சின்னக் குடும்பத்தின் கதை. வீட்டுக்குள்ளே நடக்கிற புழங்கல் சத்தமும் தெருச் சத்தமும்தான் படத்துக்கு இசை. மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பின் வரிசைக்காரர் எழுந்து போய், “என்னப்பா, சவுண்டு சரியா வரல” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்மேல் தப்பில்லை. படத்தின்மேலும் தப்பில்லை. காரணம் ஆப்பரேட்டர் ரூமில் இருக்கிற ஒரு குமிழ்.

டால்பி கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் என்று ஒன்று உண்டு. ஸ்டூடியோவில் சவுண்டு மிக்ஸ் செய்கிறவர்கள் அது 7-ல் இருக்கும் என்ற கணக்கில்தான் செய்கிறார்கள். தியேட்டரிலும் 7-ல் வைத்தால் அவர்கள் கேட்டது நமக்கும் கேட்கும். ஆனால் எங்கள் தியேட்டர்களில் யாரும் 7-ல் வைப்பதில்லை. பெரிய ஹீரோ படங்களின் மிக்ஸிங் காதைக் கிழிப்பதால் ஜனங்கள் திட்டுவார்கள், ஸ்பீக்கரும் கிழியும். அதனால் 5-க்கோ நாலரைக்கோ இறக்கி வைத்து அப்படியே விட்டுவிடுவோம். வெள்ளிக்கிழமை அதே இடத்தில் ஒரு சின்னப் படம் வந்து உட்காரும். அதில் ஒருத்தி பெருமூச்சு விடுவாள், தூரத்தில் ஒரு குழந்தை அழும். நாலரையில் ஏசி இரைச்சலுக்கு மேல் அது எப்படிக் கேட்கும்? இயக்குநர் மாதக்கணக்காக உட்கார்ந்து கோத்த சத்தம், ஒரு குமிழைத் திருப்ப ஆள் இல்லாமல் காணாமல் போகும்.

ஒரு துண்டுச் சீட்டு போதும். ‘இந்தப் படத்துக்கு ஃபேடரை 7-ல் வையுங்கள், இசை இல்லாதது வேண்டுமென்றே செய்தது’ என்று எழுதி அனுப்பினால் எந்த ஆப்பரேட்டரும் செய்வான். நான் செய்திருப்பேன். அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் பாரி லிண்டன் படத்துக்கு ஆப்பரேட்டர்களுக்கென்றே கடிதம் எழுதி, படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.66 மடங்கு, திரையில் வெளிச்சம் இத்தனை இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். என் மருமகன் செல்போனில் காட்டினான். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எல்லோரிடமும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். என் சர்வீஸில் எந்த இயக்குநரும் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. உங்கள் பேட்டியில் ஒருவரிடம் இதைக் கேட்டால், படிக்கிற மற்ற இயக்குநர்களுக்காவது தோன்றும்.

அருண் கார்த்திக்கின் நசீரை ஒரு கல்லூரி அரங்கில் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் புடவைக் கடையில் வேலை செய்யும் ஒருவரின் ஒரு நாள். திலீப்குமாரின் சிறுகதையை வைத்து எடுத்தது. 2020-ல் அதுவும் ராட்டர்டாமில் விருது வாங்கிய படம்தான். பழைய காலத்து 4:3 அளவில், சதுரத்துக்குப் பக்கமாக எடுத்திருந்தார்கள். அந்தக் கடையின் நெருக்கடிக்கும் அவர் வீட்டின் நெருக்கடிக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அன்றைக்குத் திரையின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் வெற்றுப் பட்டை தெரிந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் தியேட்டரில் மாஸ்கிங் என்று கறுப்புத் துணி இருக்கும். படத்தின் அளவுக்குத் தகுந்தபடி இரண்டு பக்கமும் இழுத்துவிடுவோம். இப்போது அதைத் தொடுவாரே இல்லை. பல இடங்களில் கயிறே அறுந்து கிடக்கிறது. சரி, இது என் புலம்பல்.

கொட்டுக்காளிக்கு வருகிறேன். அது வினோத்ராஜின் இரண்டாவது படம். 2024-ல் பெர்லின் விழாவுக்குப் போய்விட்டு, அதே வருஷம் ஆகஸ்ட் 23-ல் தியேட்டருக்கு வந்தது. சிவகார்த்திகேயன் தயாரிப்பு, அதோடு சூரி நடித்தது. சூரி எங்கள் பக்கத்து ராஜாக்கூர்க்காரர். அதனால் கூழாங்கல்லுக்குத் திறக்காத கதவு இதற்குத் திறந்தது. மதுரையில் நல்ல தியேட்டரிலேயே பார்த்தேன். இதிலும் பின்னணி இசை இல்லை. ஒரு குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி ஒரு சாமியாடியைப் பார்க்கப் போகிறது. பேய் பிடித்திருப்பதாக அவர்கள் நினைக்கும் பெண் ஒரு வார்த்தை பேசாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கும். மீசை வைத்த ஆண்கள் அத்தனை பேரும் கிட்டப் போகப் பயந்து நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது. எனக்கு முன் வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

ஆனால் படம் முடிந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர், “முடிஞ்சிருச்சா?” என்று என்னைக் கேட்டார். முடிவைச் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிட்ட படம் அது. வெளியே வந்து சிலர் கோபப்பட்டார்கள். ‘இதையெல்லாம் தியேட்டரில் ஏன் போடுகிறார்கள்’ என்று ஊர் முழுக்க வாதம் நடந்தது. அதன் பிறகு சுயாதீன இயக்குநர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், ‘நம் ரசிகர்களின் ரசனை இன்னும் வளர வேண்டும்’ என்று சொல்வதையும் படித்தேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை. காளையைப் பார்த்துச் சிரித்ததும் அதே ரசனைதான், முடிவைப் பார்த்து முணுமுணுத்ததும் அதே ரசனைதான். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும். இயக்குநர் அந்தப் பதிலைச் சொன்னால், பேட்டி எடுப்பவர் தலையாட்டாமல், ‘எந்தத் தியேட்டரில் உட்கார்ந்து ஜனங்களோடு பார்த்தீர்கள்? எங்கே சிரித்தார்கள்? எங்கே எழுந்து போனார்கள்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டாமா?

இனி காட்சி நேரம். அதே ஆகஸ்ட் 23-ல்தான் மாரி செல்வராஜின் வாழையும் வந்தது. ஒரே வெள்ளிக்கிழமை இரண்டு மூன்று படங்கள் வந்தால், எதற்குச் சாயங்காலக் காட்சி, எதற்குப் பகல் பதினொன்றரைக் காட்சி என்பது படத்தின் தரத்தைப் பார்த்து முடிவாவதில்லை. பெரிய பெயர் எதுவும் இல்லாத படத்துக்குப் பகல் காட்சிதான். வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாத நேரம். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் ‘அவசியம் பாருங்கள்’ என்று விமர்சனம் வரும். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறவனுக்குப் படம் தூக்கப்பட்டிருக்கும்.

பிலிம் காலத்தில் இவ்வளவு சுலபமாகத் தூக்க முடியாது. எங்களுக்கு மதுரை - ராமநாதபுரம் ஏரியா, எம்.ஆர். என்று சொல்வோம். மதுரையில் விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து பெட்டி பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும். இதை எடுத்துவிட்டு வேறு படம் போடுவதென்றால் வேறு பெட்டி வர வேண்டும், போஸ்டர் வர வேண்டும், ஆள் போக வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்திலேயே ஒரு சுமாரான படம் ஒரு வாரம் ஓடிவிடும், வாய்வழிச் செய்தி பரவ அவகாசம் கிடைக்கும். டிஜிட்டல் வந்ததும் பிரிண்ட் செலவு குறைந்தது, சின்னப் படங்களுக்கு நல்ல காலம் என்றார்கள். உள்ளே வருவது சுலபமானது உண்மை. வெளியே தள்ளுவதும் அதே அளவுக்குச் சுலபமாகிவிட்டது. சர்வரில் இரண்டு படமும் இருக்கும், படத்தைத் திறக்கும் டிஜிட்டல் கீ இருந்தால் போதும். மத்தியானம் நாலு டிக்கெட் என்றால் மேனேஜர் போன் பண்ணுவார், மாட்டினிக்கு வேறு படம் ஓடும்.

அந்த டிஜிட்டலுக்கும் தயாரிப்பாளர் கட்டணம் கட்டுகிறார். விபிஎஃப் என்பார்கள். 2018-ல் மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப் படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். நூறு கோடிப் படத்துக்கு அது தூசு. வீட்டை அடமானம் வைத்து எடுத்தவருக்கு அப்படி இல்லை. ஒரு ஸ்கிரீனுக்கு எவ்வளவு கட்டினீர்கள், வசூலில் உங்கள் பங்காக, அதாவது ஷேராக, எவ்வளவு திரும்ப வந்தது, ஓடிடியில் மொத்தமாகக் கொடுத்தார்களா, பார்த்த நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்களா? உங்கள் பேட்டிகளில் காசைப் பற்றிய பேச்சு, படம் எடுக்கப் பட்ட கஷ்டத்தோடு நின்றுவிடுகிறது. வெளியிடப் பட்ட கஷ்டம் ஒரு பாராவுக்குக் கூட வருவதில்லை. சொல்லக் கூச்சப்படுவார்கள்தான். பக்குவமாகக் கேட்டால் சொல்வார்கள். அடுத்துப் படம் எடுக்கப் போகிற பையனுக்கு அதுதானே உதவும்?

தமிழில் அக்ரஹாரத்தில் கழுதை எடுத்தாரே ஜான் ஆபிரகாம், அவர் பிறகு கேரளத்தில் ஒடேஸா என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, ஜனங்களிடம் துண்டேந்திக் காசு சேர்த்து, 1986-ல் அம்மா அறியான் எடுத்தார்கள். எடுத்த படத்தைத் திரும்ப அந்த ஜனங்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். காசு கொடுத்தவன் எவன், படம் பார்க்கப் போகிறவன் எவன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் அப்படிச் செய்ய முடியாது, அவருக்கே அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது, அடுத்த வருஷமே போய்விட்டார். ஆனாலும் இன்றைக்குப் படம் எடுக்கிறவரிடம், ‘உங்கள் படத்தை முதலில் யாரிடம் காட்ட ஆசைப்பட்டீர்கள், காட்டினீர்களா?’ என்று கேட்கலாம். கூழாங்கல்லில் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று. இயக்குநரை மட்டுமே பேட்டி எடுக்க வேண்டும் என்று சட்டமா? வெயிலில் பூம் மைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த பையனிடம் பேசுங்கள். பகல் காட்சி கொடுத்த தியேட்டர் மேனேஜரிடம், ஏன் சாயங்காலக் காட்சி கொடுக்கவில்லை என்று நேராகக் கேளுங்கள். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும். அதோடு, ஒருவரைப் பேட்டி எடுத்தால் ஒரு வருஷம் கழித்து அவரையே திரும்பப் போய்ப் பாருங்கள். முதல் பேட்டியில் எல்லோரும் நம்பிக்கையாகத்தான் பேசுவார்கள். கடன் அடைந்ததா, படம் யார் கையில் இருக்கிறது, இன்றைக்கு ஒருவன் பார்க்க நினைத்தால் வழி உண்டா என்பதெல்லாம் இரண்டாவது பேட்டியில்தான் வெளியே வரும்.

இதெல்லாம் உடனே முடியாவிட்டாலும் ஒன்று மட்டும் அடுத்த ஞாயிறிலிருந்தே செய்யலாம். பேட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் கட்டி, படம் எத்தனை நிமிஷம், எந்த ஊரில் எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி, ஓடிடி என்றால் எந்தத் தளம், எந்தத் தேதியிலிருந்து என்று போடுங்கள். இன்னும் வெளியாகவில்லை என்றால் அதையும் போட்டுவிடுங்கள், தேட வேண்டாம் என்று தெரிந்துகொள்வோம். பகல் பதினொன்றரைக் காட்சியாக இருந்தால் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. நான் ஓய்வு பெற்றவன், மேலூரில் ஒன்பதரை பஸ் ஏறினால் மாட்டுத்தாவணியில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போக நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆப்பரேட்டர்,
மேலூர், மதுரை மாவட்டம்.